பதினைந்து வயதை எப்படி அளந்தார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் உங்கள் நடுப்பக்கத்தில் சிறார் போராளிகள் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. காங்கோ, உகாண்டா, ஹேக் நகரத்து நீதிமன்றம் என்று நன்றாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் "சர்வதேசச் சட்டப்படி 15 வயதுக்கு உட்பட்டோரைப் படையில் சேர்ப்பது போர்க்குற்றம்" என்று ஒரு வரி போட்டுவிட்டு, மதுரைக்கும் திருச்சிக்கும் எத்தனை கிலோமீட்டர் என்று சொல்வதுபோல அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். ஏன் 15? அந்த 15-ஐ யார், எதை வைத்து அளப்பது? 34 வருஷம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் வயதைப் பதிவேட்டில் எழுதியவன் நான், அதில் பாதிக் காலம் தலைமை ஆசிரியராக. அந்த வரியைத் தாண்டி எனக்கு நகர முடியவில்லை. கடிதம் நீளும், வெட்டுவது உங்கள் உரிமை.

நான் வேலையில் சேர்ந்த 1978-இல் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பிறப்புச் சான்றிதழை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. அப்பாவோ பாட்டியோ பையனை இழுத்துக்கொண்டு வருவார்கள். வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடு என்போம். தொட்டுவிட்டால் ஐந்து வயது, எட்டவில்லையென்றால் அடுத்த வருஷம் வா. பிறந்த தேதி கேட்டால் "எம்.ஜி.ஆர். ஜெயிச்ச வருஷம், ஆடி கழிஞ்சு பத்து நாள்ல" என்று பதில் வரும். ஆடி கழிந்து பிறந்தவனுக்கு ஜூன் மாதம் ஐந்து நிரம்பாதே, அதனால் நாங்களே மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டு எழுதிவிடுவோம். எங்கள் ஒன்றியத்தில் ஐம்பது தாண்டியவர்களில் பாதிப் பேர் மே மாதம் பிறந்தவர்கள் என்றால் காரணம் நட்சத்திரம் இல்லை, நாங்கள்தான்.

இதே சங்கடம்தான் ஹேக்கில் உட்கார்ந்திருந்த நீதிபதிகளுக்கும் வந்தது. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் விசாரித்து முடித்த முதல் வழக்கே சிறார் போராளிகள் வழக்குதான், தாமஸ் லுபாங்கா மேல். காங்கோவின் வடகிழக்கில் இட்டூரி என்று ஒரு பகுதி, தங்கம் எடுக்கிற மண், அங்கே ஹேமா, லெண்டு என்ற இரண்டு இனத்தாருக்கு இடையில் மூட்டிவிடப்பட்ட சண்டை. லுபாங்காவின் படை 2002 ஆகஸ்டில் புனியா நகரத்தைப் பிடித்தது. அந்த செப்டம்பரிலிருந்து அடுத்த ஆகஸ்ட் வரைக்கும் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளைப் படையில் சேர்த்தார், சண்டையில் இறக்கினார் என்பது மட்டும்தான் குற்றச்சாட்டு. கொலை, கொள்ளை, பாலியல் வன்முறை எதையும் வழக்குத் தொடுத்த தரப்பு சேர்க்கவில்லை. அது தனிச் சண்டை, பிறகு வருகிறேன்.

2009 ஜனவரியில் விசாரணை ஆரம்பித்தது. முதல் சாட்சியாக வந்தவன் சிறார் போராளியாக இருந்ததாகச் சொல்லப்பட்ட இளைஞன். முகாமுக்குப் போன கதையைச் சொல்ல ஆரம்பித்தவன், அதே நாளில், நான் போகவே இல்லை, இப்படிச் சொல்லச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று மாற்றிப் பேசிவிட்டான். லுபாங்கா எதிரே உட்கார்ந்திருக்கிறார், பையனால் என்ன செய்ய முடியும். இரண்டு வாரம் கழித்து, அவர் கண்ணில் படாதபடி ஏற்பாடு செய்த பிறகு, மறுபடி வந்து சொன்னான். ஆனால் சிக்கல் அவனோடு முடியவில்லை. வழக்குத் தொடுத்த தரப்பு தானே நேரில் போகாமல் உள்ளூர் ஆட்களை இடையில் வைத்துச் சாட்சிகளைத் தேடியிருந்தது. அந்த இடையாட்களில் சிலர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருக்கலாம் என்ற சந்தேகம் கடைசிவரை போகவே இல்லை. பள்ளிப் பதிவேட்டில் ஒரு வயது, வாக்காளர் அட்டையில் வேறு வயது. கடைசியில், சிறார் போராளிகள் என்று வந்து நின்றவர்களின் வாக்குமூலத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாகவே நீதிபதிகள் ஒதுக்கிவைத்தார்கள். யாருக்காக வழக்கு நடந்ததோ அவர்கள் சொன்னதே கணக்கில் வரவில்லை.

எலும்பை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள், மணிக்கட்டையும் பல்லையும். மணிக்கட்டு எலும்பை வைத்து வயது சொல்ல உலகமெல்லாம் புரட்டுகிற அட்டவணை, 1930-களில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரத்தில் வசதியான வீட்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளைப் படம் பிடித்துத் தயாரித்தது. பால், முட்டை, கறி என்று வளர்ந்த பிள்ளையின் எலும்பும், போர் நடக்கிற காட்டில் மரவள்ளிக்கிழங்கைத் தின்று வளர்ந்த பிள்ளையின் எலும்பும் ஒரே கணக்கில் முற்றுமா? இது துல்லியமான அறிவியல் இல்லை, ஐரோப்பிய அமெரிக்க உடம்புகளை வைத்துச் செய்த அளவு என்று நிபுணர்களே ஒத்துக்கொண்டார்கள். காதைத் தொடச் சொன்ன எங்களைக் கேலி செய்தவர்களுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

அப்புறம் எதை வைத்துத்தான் தீர்ப்பு எழுதினார்கள்? வீடியோவை வைத்து. 2003 பிப்ரவரி 12 அன்று லுபாங்கா ருவம்பாரா என்ற பயிற்சி முகாமுக்குப் போகிறார், புதிதாகச் சேர்ந்தவர்களை உற்சாகப்படுத்திப் பேசுகிறார். அவர் ஆட்களே எடுத்த படம். வரிசையில் நிற்பவர்களில் சிலரைப் பார்த்தால் பச்சைப் பிள்ளை என்று யாருக்கும் தெரியும். அவருடைய மெய்க்காப்பாளர்களிலும் அப்படிச் சிலர். வயது விஷயத்தில் பிழை வர நிறைய இடம் உண்டு, அதனால் சந்தேகத்துக்கே இடமில்லாமல் 15-க்குக் கீழே தெரிகிற பிள்ளைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்று நீதிபதிகள் முடிவு செய்தார்கள். 2012 மார்ச் 14-இல் குற்றவாளி என்று தீர்ப்பு, ஜூலையில் 14 வருஷத் தண்டனை. ஏற்கெனவே உள்ளே இருந்த ஆறு வருஷத்தைக் கழித்து, 2020 மார்ச்சில் வெளியே வந்துவிட்டார்.

நீதிபதிகளை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால் இதன் அர்த்தம் என்ன என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பள்ளியிலாவது எட்டாம் வகுப்புக் குழுப் புகைப்படத்தை எடுத்துப் பாருங்கள். எல்லாரும் பதின்மூன்று வயதுதான். ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், கடைசி வரிசையில் வாத்தியாரைவிட உயரமாக நிற்பான். முன்வரிசையில் சம்மணம் போட்டிருப்பவன் நாலாம் வகுப்பு மாதிரி இருப்பான். படையில் சேர்க்க வருகிறவன் யாரைப் பிடிப்பான்? கடைசி வரிசைக்காரனைத்தான். வீடியோவைப் பார்த்து நீதிபதி யாரைச் சந்தேகமில்லாமல் சிறுவன் என்பார்? முன்வரிசைக்காரனை. ஆக, சட்டத்தில் 15 என்று கோடு போட்டால் நீதிமன்றத்தில் அது பதினொன்று பன்னிரண்டுக்கு இறங்கிவிடுகிறது. பதின்மூன்று வயது நெட்டைப் பையன் கோட்டுக்குக் கீழேயும் இருக்கிறான், கணக்கிலும் வரமாட்டான். கோட்டை 18-க்கு ஏற்றினால் அதே கண்ணளவு, அதே சந்தேகத்தின் பலன் எல்லாம் வைத்துக்கொண்டாலும் பதினான்கு பதினைந்து வரையாவது காப்பாற்ற முடியும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். ஆனால் இது எனக்கு லுபாங்கா தீர்ப்பைப் படித்துத் தோன்றியதல்ல.

நான் வேலை பார்த்த நடுநிலைப் பள்ளிக்கு மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். 2006-இல் சண்டை மறுபடி மூண்டபோது படகில் வந்து இறங்கிய குடும்பங்களில் ஒன்று கிளிநொச்சிப் பக்கத்துக் குடும்பம். ஒரு அம்மாவும் பையனும் வந்தார்கள். அம்மா கையில் ஒரு பிளாஸ்டிக் பை, அதற்குள் முகாமில் கொடுத்த காகிதம் மட்டும். வயது கேட்டேன். பன்னிரண்டு என்றார். பையனை நிமிர்ந்து பார்த்தேன். தொண்டை மணி தெரிகிறது, பேரைச் சொல்லு தம்பி என்றால் குரல் உடைந்து வருகிறது. பன்னிரண்டா அம்மா, என்றேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் மேசையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பன்னெண்டு எண்டே போடுங்கோ ஐயா. அங்க பதினஞ்சு எண்டு சொன்னா நாளைக்கே வாசல்ல வந்து நிப்பினம். மூண்டு வருஷமா இவனுக்குப் பன்னெண்டுதான்."

இது இந்தியாம்மா, இங்கே யாரும் வந்து நிற்கமாட்டார்கள் என்று சொன்னேன். தலையை ஆட்டினாரே தவிர எண்ணை மாற்றவில்லை. நான் பன்னிரண்டுக்குக் கணக்காக ஒரு தேதியைப் போட்டு ஏழாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டேன். ஓய்வூதியத்தில் கைவைக்க யாராவது நினைத்தால் இந்தப் பத்தியை வெட்டிவிடுங்கள்.

இந்த இடத்தில் நம் வாசகர்கள் சிலருக்குக் கோபம் வரும் என்று தெரியும். 1983 கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் உண்டியல் குலுக்கியவர்களில் நானும் ஒருவன், அதனால் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விடுதலைப் புலிகள் 1998-இல் போரில் சிக்கிய சிறார்களுக்கான ஐ.நா. பொதுச்செயலாளரின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்த ஒலாரா ஒட்டுன்னுவிடம் 17-க்குக் கீழே சேர்க்கமாட்டோம், 18-க்குக் கீழே சண்டைக்கு அனுப்பமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். (ஒட்டுன்னு உகாண்டாக்காரர், அதுவும் வடக்கு உகாண்டாவின் அச்சோலி இனத்தவர். அவர் சொந்த மக்களின் பிள்ளைகள் அங்கே கடத்தப்பட்டுக்கொண்டிருந்த காலம்.) அந்த வாக்குக்குப் பிறகும் யூனிசெஃப் பதிவில் ஏறிய பெயர்கள் 6,000-க்கு மேல். பதிவில் ஏறியவை மட்டும். பிடித்துக்கொண்டு போகாமல் இருக்கப் பள்ளிக்கூடம் போகிற வயதில் கல்யாணம் கட்டிவைத்த வீடுகள் உண்டு. 2004-இல் பிரிந்துபோன கருணா தரப்பும் கிழக்கில் பிள்ளைகளைப் பிடித்தது, அதற்கு ராணுவத்தில் சிலர் துணைநின்றார்கள் என்று 2006-இல் ஐ.நா. சார்பில் போய்ப் பார்த்த ஆலன் ராக் சொன்னார், கொழும்பு அதைக் கடுமையாக மறுத்தது. இலங்கையும் ஹேக் நீதிமன்றத்தில் உறுப்பினர் இல்லை, இந்தியாவும் இல்லை. லுபாங்காவுக்கு நடந்த மாதிரி ஒரு விசாரணை நம் பிள்ளைகளுக்காக எந்தப் பக்கத்தின் மேலும் நடக்கவில்லை.

ஒரே மகனுக்குப் பரட்டைத் தலையில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துப் போர்க்களத்துக்கு அனுப்புகிற சங்ககாலத் தாயைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளை மனப்பாடமும் செய்ய வைத்திருக்கிறேன். அந்த அம்மா வந்துபோன பிறகு அந்தப் பாடத்தை நடத்தும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் போனது.

சரி, 15 எங்கிருந்து வந்தது? 1977-இல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்த்த இரண்டு கூடுதல் நெறிமுறைகளில்தான் முதலில் வந்தது. 1989-இல் குழந்தை உரிமை உடன்படிக்கை எழுதியபோது முதல் பிரிவிலேயே 18-க்குக் கீழே எல்லாரும் குழந்தை என்று எழுதிவிட்டு, 38-ஆம் பிரிவுக்கு வந்ததும் 15 நிரம்பாதவர்களைச் சண்டையில் நேரடியாக இறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று இறங்கிவிட்டார்கள். படிப்பு, மருந்து, தத்து எல்லாவற்றுக்கும் 18, துப்பாக்கிக்கு மட்டும் 15. 18 வேண்டும் என்று கேட்ட நாடுகள் இருந்தன, 17-இலும் 16-இலும் ஆள் எடுத்துக்கொண்டிருந்த நாடுகளுக்குத்தான் மனசு வரவில்லை. 1998-இல் ரோமில் குற்றவியல் நீதிமன்றத்துக்குச் சட்டம் எழுதியபோதும் இந்த 15-ஐயே தூக்கி வைத்துவிட்டார்கள். ஆப்பிரிக்க நாடுகள் 1990-இலேயே தங்கள் சாசனத்தில் 18 என்று எழுதிவிட்டன என்பதையும் சொல்லவேண்டும், சிறார் போராளி என்றாலே ஆப்பிரிக்கப் படத்தைப் போடுகிறோம் அல்லவா.

2000-இல் அந்தக் குழந்தை உரிமை உடன்படிக்கையோடு சேர்த்து, விரும்பிய நாடுகள் ஏற்கலாம் என்று ஒரு விருப்ப நெறிமுறை வந்தது. அதைப் படித்தால் சிரிப்பு வரும். ஆயுதக் குழுக்கள் எந்தச் சூழ்நிலையிலும் 18-க்குக் கீழே யாரையும் சேர்க்கக்கூடாது. அரசாங்கங்கள் கட்டாயப்படுத்தித்தான் 18-க்குக் கீழே சேர்க்கக்கூடாது, தானாக வந்தால் 16-இலிருந்து சேர்த்துக்கொள்ளலாம், சண்டைக்கு மட்டும் அனுப்பாமல் இருக்க முடிந்ததைச் செய்யவேண்டும். பிரிட்டன் இன்றைக்கும் பெற்றோர் கையெழுத்தோடு 16 வயதுப் பிள்ளையைச் சேர்க்கிறது. அமெரிக்காவில் 17. நம் ராணுவத்தில் பதினேழரை, அக்னிவீர் அறிவிப்பைப் பாருங்கள், பயிற்சி முடிந்து 18 ஆன பிறகுதான் சண்டை நடக்கும் இடத்துக்கு அனுப்புவோம் என்று இந்தியா எழுதிக்கொடுத்திருக்கிறது. இட்டூரியில் பிள்ளை பிடிப்பதும் பதினேழரை வயதுப் பையன் ஆள்சேர்ப்பு முகாமில் நெஞ்சளவு கொடுப்பதும் ஒன்று என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் தன் வீட்டு வாசலில் அரை வயசு தள்ளுபடி வாங்கிக்கொண்டவர்கள் சேர்ந்துதான் உலகத்துக்குக் கோடு போடுகிறார்கள், கோடு ஏன் 18-க்கு ஏறவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

உங்கள் கட்டுரையில் உகாண்டாவை இரண்டு வரியில் முடித்துவிட்டார்கள். அங்கே நடந்த ஒன்றை வகுப்பறைக்காரனாகச் சொல்கிறேன். 1996 அக்டோபரில் அபோகே என்ற ஊரில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் விடுதிப் பள்ளிக்குள், அரசை எதிர்த்துச் சண்டை போட்ட கிளர்ச்சிப் படையின் தலைவன் ஜோசப் கோனியின் ஆட்கள் ராத்திரியில் புகுந்து 139 மாணவிகளைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். துணைத் தலைமை ஆசிரியையாக இருந்த ரேச்சல் என்ற இத்தாலியக் கன்னியாஸ்திரி, ஒரு ஆசிரியரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அவர்கள் போன தடம் பார்த்துக் காட்டுக்குள் நடந்தார். பிடித்தும்விட்டார். பிள்ளைகளைக் கொடு என்று கெஞ்சினார். அந்தக் கூட்டத்தின் தலைவன் குச்சியால் தரையில் எழுதிக் கணக்குச் சொன்னான்: 109 பேரைக் கூட்டிக்கொண்டு போ, 30 பேர் எங்களுக்கு. என்னை வைத்துக்கொண்டு அவர்களை விடு என்றும் கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. அந்த முப்பது பேரை அங்கேயே விட்டுவிட்டு மீதிப் பேரோடு திரும்பி நடந்து வரவேண்டியிருந்தது. நான் வகுப்பில் வருகைப் பதிவேடு எடுத்தவன், ஒரு பிள்ளை வரவில்லையென்றாலே வீட்டுக்கு ஆள் அனுப்பியவன், அந்தத் திரும்பி வந்த நடையை நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

அந்த மாணவிகள் பதின்மூன்றிலிருந்து பதினாறு வயதுக்காரர்கள். ஒரே விடுதி, ஒரே ராத்திரி, ஒரே கயிறு. ரோம் சட்டத்தின் கோட்டை அங்கே கொண்டுபோய் வைத்தால், பதினான்கு வயதுக்காரியைப் படையில் சேர்த்தது தனிக் குற்றம், பக்கத்தில் கட்டுண்டிருந்த பதினைந்தரை வயதுக்காரியைச் சேர்த்தது அந்தப் பிரிவில் குற்றமே இல்லை. கடத்தல், அடிமைப்படுத்தல் என்று வேறு பிரிவுகளில் கொண்டுவரலாம் என்று வக்கீல்கள் சொல்வார்கள். கொண்டுவரலாம்தான். லுபாங்கா வழக்கில் கொண்டுவந்தார்களா? முகாமில் சிறுமிகளுக்கு நடந்ததைச் சாட்சிகள் சொல்லச் சொல்ல, குற்றப்பத்திரிகையில் அது இல்லை என்று ஓரமாக வைத்தார்கள். அந்த மன்றத்தில் நிபுணராக வந்து, சமையலுக்கும் படுக்கைக்கும் பிடித்துக்கொண்டு போன சிறுமிகளையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும் என்று பேசியவர் யார் தெரியுமா? ராதிகா குமாரசுவாமி, இலங்கைத் தமிழர், ஒட்டுன்னுவுக்குப் பிறகு அதே ஐ.நா. பதவியில் இருந்தவர். நம் பத்திரிகைகள் இதைப் பெட்டிச் செய்தியாகக்கூடப் போட்ட ஞாபகம் எனக்கு இல்லை. பிற்பாடு அதே இட்டூரியில் லுபாங்கா படையின் தளபதியாக இருந்த போஸ்கோ என்டகண்டா வழக்கில்தான், சொந்தப் படையில் இருந்த சிறுமிகளைச் சீரழித்ததும் போர்க்குற்றம் என்று நீதிமன்றம் ஏற்றது. அவருக்கு 30 வருஷம்.

'தானாகவே வந்தார்கள்' என்ற வாதத்தையும் குமாரசுவாமி எடுத்து உடைத்தார். பசியில் வருகிற பிள்ளை, அப்பாவைக் கொன்றவனைப் பழிவாங்க வருகிற பிள்ளை, போகிற இடம் தெரியாமல் வருகிற பிள்ளை, இதில் எது விருப்பம்? 15-க்குக் கீழே சம்மதம் என்ற பேச்சே செல்லாது என்று நீதிமன்றமும் சொன்னது. நல்லது. ஆனால் பதினைந்தாவது பிறந்தநாளுக்கு மறுநாள் காலையில் அந்தப் பசிக்கும் பழிக்கும் திடீரென்று சம்மதம் வந்துவிடுகிறதாக்கும்.

கோனியின் படையிலிருந்து ஹேக்குக்கு வந்து தண்டிக்கப்பட்டவர் இன்றுவரை ஒருவர்தான், டொமினிக் ஓங்வென். அந்தப் பெயருக்கு ஈசல் பருவத்தில் பிறந்தவன் என்று பொருள் சொல்கிறார்கள், வடக்கு உகாண்டாவிலும் நம் ஊர் மாதிரி ஈசலைப் பிடித்து வறுத்துத் தின்பார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் பிடிக்கப்பட்ட பையன். எந்த வயதில் என்பதற்கு இங்கேயும் ஒழுங்கான பதில் இல்லை: 2015-இல் நீதிமன்றத்தில் முதன்முதலாக நின்றபோது 14 வயதில் கொண்டுபோனார்கள் என்று அவரே சொன்னார், விசாரணை முடிவில் ஏறக்குறைய ஒன்பது வயது என்று நீதிபதிகள் கணித்தார்கள். நடக்கத் தெம்பில்லாத அளவு சின்னவனாக இருந்ததால் கூடப் பிடிபட்டவர்கள் தூக்கிக்கொண்டு போனதாக ஊரார் சொன்னது பதிவாகியிருக்கிறது. அந்தப் பையன் வளர்ந்து தளபதியாகி, லுகோடி, ஒடெக், அபோக் என்று சொந்த நாட்டிலேயே இடம்பெயர்ந்தவர்களின் முகாம்களைத் தாக்க ஆள் அனுப்பினார், தன்னைப் பிடித்த மாதிரியே பிள்ளைகளைப் பிடித்தார். 2021 பிப்ரவரியில் 61 குற்றங்கள் நிரூபணமாகி, மே மாதம் 25 வருஷத் தண்டனை கிடைத்தது. ஆயுள் தண்டனை கொடுத்திருக்கலாம், சின்ன வயதில் கடத்தப்பட்டதை எண்ணிக் கொடுக்கவில்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள். எனக்கு அந்தத் தீர்ப்பில் குறையில்லை. லுகோடியில் வீட்டோடு எரிந்த பிள்ளைகளுக்கும் ஒரு கணக்கு வேண்டும்.

ஆனால் சட்டத்தின் கோடுகளை அவர் வாழ்க்கையின் மேல் வைத்துப் பாருங்கள். 15 வரைக்கும் அவரைப் படையில் வைத்திருப்பது குற்றம். 18-க்குப் பிறகு அவர் செய்வது குற்றம், 18-க்குக் கீழே செய்த எதற்கும் அந்த நீதிமன்றம் யாரையும் விசாரிக்காது என்று ரோம் சட்டத்தின் 26-ஆம் பிரிவு சொல்கிறது. நடுவில் அந்த மூன்று வருஷம்? படையில் வைத்திருந்ததற்காக ஒருவனைப் பிடிக்கவும் பிரிவு இல்லை, அப்படி வைக்கப்பட்டவனை அதற்காகப் பாதிக்கப்பட்டவன் என்று எழுதவும் பிரிவு இல்லை. மனசு இறுகிக் கல்லாகிற வயதும் அதுதான், ஒன்பதாம் பத்தாம் வகுப்பு எடுத்த எந்த வாத்தியாரைக் கேட்டாலும் சொல்வார்.

18 ஆக்கினால் என்ன குடி முழுகிவிடும்? நம் நாட்டுச் சிறார் நீதிச் சட்டம், 2015-ஆம் வருஷத்தது, தீவிரவாதக் குழு 18-க்குக் கீழே யாரைச் சேர்த்தாலும் ஏழு வருஷம் வரை கடுங்காவல் என்று 83-ஆம் பிரிவில் எழுதிவைத்திருக்கிறது. கட்டாயமாகப் பிள்ளைகளைப் படைக்குச் சேர்ப்பது மிக மோசமான குழந்தைத் தொழில் என்று 18-ஐ வைத்துச் சொல்கிற சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 182-ஆம் உடன்படிக்கையில் அந்த அமைப்பின் உறுப்பு நாடுகள் எல்லாமே, 187-உம், 2020-க்குள் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டன. தொழிற்சாலைச் சட்டத்தில் ஒத்துக்கொண்ட வயதைப் போர்க்குற்றச் சட்டத்தில் மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டோம் என்பதுதான் இன்றைய நிலை. அடுத்த தடவை இதைப் பற்றி எழுதும்போது உங்கள் கட்டுரையாளர் 15 என்று மொட்டையாகப் போடாமல், "சட்டத்தில் இன்னும் 15 என்றே இருக்கிறது" என்று அந்த 'இன்னும்' என்ற சொல்லையாவது சேர்த்துப் போட்டால் நல்லது.

அந்தப் பையன் விஷயத்தைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். எட்டாம் வகுப்பு முடித்துவிட்டுப் போனான், வகுப்பிலேயே பெரியவனாக, கடைசி வரிசையில். சில வருஷம் முன்பு பெயின்டிங் வேலைக்காக எங்கள் தெருவுக்கு வந்தவன் என்னை அடையாளம் கண்டு வீட்டுக்கு வந்தான். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். அம்மா இறந்துவிட்டார். மாற்றுச் சான்றிதழில் வயது மூன்று வருஷம் குறைவாக இருக்கிறதே, ஏதாவது காகிதத்துக்கு இடைஞ்சலாகிறதா, மாற்ற வேண்டுமென்றால் நீதிமன்றம் போகவேண்டியிருக்கும், நான் வேண்டுமானால் வந்து சாட்சி சொல்கிறேன் என்றேன். "வேண்டாம் ஐயா, அம்மா சொன்ன வயசு, அது அப்பிடியே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்,
இராமநாதபுரம் மாவட்டம்.